3.8-ல் ஓடிய லைப்ரரி 3.12-ல் பில்ட் ஆகிறது, இம்போர்ட் ஆகவில்லை: ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சிட்ட பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் பைத்தான் லைப்ரரி ஒன்று உங்கள் அலுவலகத்தில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கையால் எழுதிய சி கோப்பு ஒன்று, சைத்தான் (பைத்தான் போன்ற கோடை சி கோடாக மாற்றித் தரும் கருவி) கோப்பு ஒன்று. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். உபுண்டு 20.04-ஐ விட்டு 24.04-க்கு மாறினீர்கள், கூடவே பைத்தானும் 3.8-ல் இருந்து 3.12 ஆகிவிட்டது. முதலில், பில்டுக்கு உதவும் டிஸ்ட்யூட்டில்ஸ் என்று ஒரு மாட்யூலே இல்லை என்றது. அதே வேலையைச் செய்யும் செட்டப்டூல்ஸ் நிறுவியதும் அந்தப் புகார் போனது. அடுத்து ஓபி_டிஜிட் என்ற உறுப்பு இல்லை என்று திரை நிறைய எரர். யாரோ சொன்னபடி சைத்தானைப் புதுப்பித்தீர்கள், அதுவும் போனது. இப்போது பில்ட் முழுதாக முடிகிறது, ஆனால் இம்போர்ட் செய்தால் பையூனிகோட்_ஃப்ரம்யூனிகோட் என்பது 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்கிறது. "பில்ட் ஆன பிறகு எப்படி இம்போர்ட் ஆகாமல் போகும்? பேசாமல் 3.8-க்கே திரும்பிவிடலாமா?" என்று கேட்கிறீர்கள்.

உங்கள் உண்மையான குழப்பம் அந்தக் கடைசி வரிக்கு முந்தைய வரியில் இருக்கிறது. பில்ட் வெற்றி என்றால் கோடு சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டீர்கள். பைத்தானுக்கான சி நீட்சிகளில் (பைத்தான் இம்போர்ட் செய்துகொள்ளும், சி-யில் எழுதிய மாட்யூல்களில்) அது பொருந்தாது. அங்கே பில்ட் வெற்றி என்பதற்கு "ஒரு கோப்பு உருவானது" என்பதற்கு மேல் பெரிய அர்த்தம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரி நீட்சிகளை ஒரு பதிப்பில் இருந்து அடுத்த பதிப்புக்குத் தூக்கிக்கொண்டு அலைகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சந்தித்த மூன்று எரரும் மூன்று வேறு இடங்களில் இருந்து வந்தவை. முதலாவது பில்ட் ஸ்கிரிப்ட்டில் இருந்து, இரண்டாவது கம்பைலரில் இருந்து, மூன்றாவது உருவான கோப்பை நினைவகத்தில் ஏற்றும் லோடரில் இருந்து. ஒன்று தீர்ந்ததும் அடுத்தது தலைகாட்டுவது நிலைமை மோசமாவதால் அல்ல, நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள்.

டிஸ்ட்யூட்டில்ஸ் கதை எளிது, ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெப் 632 என்ற பைத்தான் மாற்ற முன்மொழிவின் படி 3.10-ல் அது கைவிடப்படுவதாக அறிவித்து, 2023 அக்டோபரில் வந்த 3.12-ல் நீக்கிவிட்டார்கள். செட்டப்டூல்ஸ் தனக்கென்று டிஸ்ட்யூட்டில்ஸின் பிரதி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது. நீங்கள் அதை நிறுவியதும், யாராவது டிஸ்ட்யூட்டில்ஸ் என்று கேட்டால் இந்தப் பிரதியை எடுத்து நீட்டும். அதனால்தான் எரர் மறைந்தது. பில்ட் ஸ்கிரிப்ட் மட்டும் அதைக் கேட்டால் பரவாயில்லை. லைப்ரரியின் உள்ளேயே, பதிப்பு எண்களை ஒப்பிட லூஸ்வெர்ஷன் என்றோ, 'யெஸ்', 'நோ' படிக்க ஸ்டர்டூபூல் என்றோ எங்காவது இருந்தால், உங்கள் கணினியில் ஓடும், செட்டப்டூல்ஸ் இல்லாத சர்வரில் விழும். 3.12-ல் புதிதாக உருவாக்கும் வர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (தனித்த பைத்தான் சூழலில்) செட்டப்டூல்ஸ் தானாக வருவதும் நின்றுவிட்டது, ஆகவே இது கட்டாயம் ஒரு நாள் நடக்கும். டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற சொல்லை எல்லாக் கோப்பிலும் தேடுங்கள். லூஸ்வெர்ஷனுக்குப் பதில் பேக்கேஜிங் லைப்ரரி இருக்கிறது, ஃபைண்ட்_எக்ஸிக்யூட்டபிளுக்குப் பதில் எஸ்ஹெச்யூட்டிலின் விச் இருக்கிறது, ஸ்டர்டூபூல் பத்து வரி, நீங்களே எழுதிக்கொள்ளலாம். தேடும் கையோடு இம்ப் என்ற மாட்யூலையும் தேடிவிடுங்கள், அதுவும் 3.12-ல் இல்லை. கலெக்ஷன்ஸில் இருந்து நேராக மேப்பிங் எடுக்கிற வரிகளையும் பாருங்கள், 3.10-ல் இருந்து அவை கலெக்ஷன்ஸ்-ஏபிசியில் மட்டும்தான்.

ஓபி_டிஜிட் எரருக்கு உங்களுக்குக் கிடைத்த யோசனை சரியானதே. ஏன் சரி என்று தெரிந்தால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்காது. சைத்தான் உருவாக்கும் சி கோடு வேகத்துக்காக பைத்தானின் முழு எண்ணுடைய உள் அமைப்புக்குள் நேராகக் கை விடுகிறது. அந்த அமைப்பு 3.12-ல் மாறியது. உங்கள் களஞ்சியத்தில் பழைய சைத்தான் ஒரு காலத்தில் உருவாக்கிய சி கோப்பு அப்படியே சேமிக்கப்பட்டிருந்திருக்கும், அதைத்தான் கம்பைலர் எடுத்திருக்கும். இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு எரர் உண்டு: 3.9-ல் டிபி_பிரிண்ட் இல்லை என்பது, 3.11-ல் லாங்இன்ட்ரெப்பர் ஹெடரைக் காணோம் என்பது. இந்த மூன்று பெயரில் எது கண்ணில் பட்டாலும், அந்த சி கோப்பில் கை வைக்காதீர்கள். கோப்பின் முதல் வரியில் சைத்தான் உருவாக்கியது என்று எழுதியிருக்கும். அதை அழித்துவிட்டு 3.0 அல்லது அதற்குப் பிந்தைய சைத்தானால் மறுபடி உருவாக்குங்கள். எரர் வந்த வரிகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்த ஒரு நண்பரை எனக்குத் தெரியும், பாவம், ஒரு வாரம்.

ஆனால் சைத்தான் 3 வந்ததும் சத்தமில்லாமல் ஒன்று மாறியிருக்கும். முன்பெல்லாம் மொழி நிலை எதுவென்று நீங்கள் சொல்லாவிட்டால், பைத்தான் 2-ன் விதிகளை எடுத்துக்கொள்ளும். இப்போது பைத்தான் 3-ன் விதிகள். விளைவு: ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்த இடங்களில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் முன்பு 3 வந்தது, இப்போது 3.5 வரும். அட்டவணையில் இடம் கணக்கிடும் கோடு உங்களுடையது, அதனால் சைத்தான் கோப்பில் உள்ள வகுத்தல்களை எல்லாம் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். இதற்கு எந்த எரரும் வராமல் போகலாம்.

சரி, இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கும் இடம். சி மொழியில் ஒரு பழைய பழக்கம் இருந்தது. அறிவிக்கப்படாத ஒரு ஃபங்ஷனை நீங்கள் அழைத்தால், "எங்கோ இருக்கும் போலிருக்கிறது, முழு எண் ஒன்றைத் திருப்பித் தரும் என்று வைத்துக்கொள்வோம்" என்று கம்பைலர் தானே முடிவுசெய்துகொண்டு, ஒரு வார்னிங்கோடு நகர்ந்துவிடும். 24.04-ல் வரும் ஜிசிசி 13 இன்னும் அப்படித்தான். (2024-ல் வந்த ஜிசிசி 14 இதை எரராகவே ஆக்கிவிட்டது; அதில் முயன்றிருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள்.) அடுத்து, கம்பைல் ஆன துண்டுகளை ஒரே கோப்பாக இணைக்கும் லிங்க்கர். சாதாரண நிரல் என்றால் அது பிடித்திருக்கும். பைத்தான் நீட்சி என்பது பகிர்வு லைப்ரரி. பைத்தானின் ஃபங்ஷன்கள் எல்லாம் ஏற்றும் நேரத்தில்தான் கிடைக்கப்போகின்றன என்பதால், இல்லாத பெயரைப் பற்றி லிங்க்கரும் கவலைப்படாது. ஆக, நீக்கப்பட்ட ஒரு ஃபங்ஷனை அழைக்கும் கோடு இரண்டு காவலர்களையும் தாண்டி வந்து, இம்போர்ட் வாசலில் மாட்டிக்கொள்கிறது.

லோடர் ஒரு நேரத்தில் ஒரு பெயரைத்தான் சொல்லும். அதைச் சரிசெய்தால் அடுத்த பெயர், அதற்கு அடுத்தது என்று இழுத்துக்கொண்டே போகும். அதனால் முதல் வேலையாக, இம்ப்ளிசிட் ஃபங்ஷன் டிக்ளரேஷன் என்ற அந்த ஒரு வார்னிங்கை எரராக மாற்றும் டபிள்யூ-எரர் ஃப்ளாக்கை, கம்பைலர் விருப்பங்களைத் தரும் சிஃப்ளாக்ஸில் சேர்த்து மறுபடி பில்ட் செய்யுங்கள். பேக்கேஜ்களை நிறுவும் பிப்பை வெர்போஸ் (விரிவாகச் சொல்லும்) முறையில் ஓட்டி, முழு வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்து, மேலிருந்து கீழே படியுங்கள். கடைசியில் வரும் 'வீல் உருவாக்க முடியவில்லை' என்ற சிவப்பு வரிகளில் ஒன்றும் இல்லை, விஷயம் எப்போதும் முதல் எரரில்தான் இருக்கும். நீக்கப்பட்ட ஃபங்ஷன்கள் அத்தனையும் வரி எண்ணோடு வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தை நீக்கிக்கொள்வது நல்லது. எரரில் வந்த பெயர் உங்கள் சி கோப்பில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் நான் மேலே சொன்னதுதான் காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இல்லை என்றால் வேறு கதை: நீங்கள் இப்போது பில்ட் செய்த கோப்பை பைத்தான் எடுக்கவே இல்லை, எங்கோ கிடக்கும் 3.8 காலத்துக் கோப்பை எடுக்கிறது. செட்டப்டூல்ஸ் உருவாக்கும் கோப்பின் பெயரில் பைத்தான் பதிப்பும் சேர்ந்தே வரும், 38 என்று குறிக்கப்பட்டதை 3.12 தொடாது. ஆனால் பெயரில் பதிப்பு எதுவும் இல்லாமல் வெறும் எஸ்ஓ என்று முடியும் கோப்பையும் பைத்தான் ஏற்றுக்கொள்ளும். பழைய மேக்ஃபைல் வைத்து பில்ட் செய்தவர்கள் அப்படித்தான் விட்டுவிட்டுப் போவார்கள். பில்ட் கோப்புறையையும் மூலக் கோப்புறையில் கிடக்கும் எஸ்ஓ கோப்புகளையும் அழித்துவிட்டு, வேறொரு கோப்புறைக்குப் போய் நின்று இம்போர்ட் செய்து பாருங்கள். இந்த ஒன்றுக்காக ஒரு முழு ராத்திரி விழித்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. திருத்தத் திருத்த அதே எரர். ஏனென்றால் திருத்தியது ஒன்று, ஓடியது இன்னொன்று.

பெயர் உங்கள் கோப்பில்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். ஃப்ரம்யூனிகோட் மட்டும் போகவில்லை. ஏஎஸ்_யூனிகோட், ஆஸ்யூனிகோட், கெட்_சைஸ் என்று அந்த வரிசையே பெப் 623-ன் படி 3.12-ல் நீக்கப்பட்டுவிட்டது. பை_யூனிகோட் என்ற வகைப்பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், அதனால்தான் மாறிகளை அறிவிக்கும் வரிகளில் கம்பைலர் முணுமுணுக்கவில்லை. நீக்கியதற்குக் காரணம் 2012-ல் வந்த 3.3. அதற்கு முன்பு ஒரு சரத்தின் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்தான். 3.3-ல் இருந்து சரத்தில் உள்ள மிகப் பெரிய எழுத்தைப் பொறுத்து, எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் என்று பைத்தான் தானே தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலம் மட்டும் என்றால் 1 பைட். தமிழ் யூனிகோடு எண்கள் 2944 முதல் 3071 வரை, ஆகவே தமிழ் கலந்த சரம் 2 பைட். ஓர் எமோஜி சேர்ந்தால் முழுச் சரமும் 4 பைட். பழைய ஃபங்ஷன்கள் லினக்ஸில் 4 பைட் பிரதி ஒன்றைத் தனியாகத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சலுகை நீடித்தது, இப்போது இல்லை.

மாற்றும் வேலை இப்படி. சரத்தைப் படிக்கும் இடங்களில், கெட்_லெங்த் வைத்து நீளத்தை எடுத்து, ரீட்_கேர் வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள்; அகலத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கோடு முழுக்கச் சுட்டியை நகர்த்தி நகர்த்திப் படிக்கும் பாணியில் எழுதப்பட்டிருந்தால், ஆஸ்வைட்கேர்ஸ்டிரிங் ஒரு தனிப் பிரதி தரும், மற்றக் கோடு அப்படியே ஓடும். வேலை முடிந்ததும் பைமெம்_ஃப்ரீ போட்டு அதை விடுவிக்க மறக்காதீர்கள், பழைய ஃபங்ஷனில் இந்தக் கடமை இருக்கவில்லை. சரத்தை உருவாக்கும் இடங்களில் ஃப்ரம்யூனிகோடுக்குப் பதில் ஃப்ரம்வைட்கேர் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஏறக்குறைய என்று சொல்லக் காரணம் உண்டு. பழைய ஆட்கள் ஃப்ரம்யூனிகோடுக்கு நல் (வெற்றுச் சுட்டி) கொடுத்து வெற்றுச் சரம் ஒன்றை வாங்கி, பிறகு அதற்குள் எழுத்துகளை நிரப்புவார்கள். ஃப்ரம்வைட்கேரிடம் நல் கொடுத்து நீளமும் கொடுத்தால் சிஸ்டம்எரர்தான் கிடைக்கும். அங்கே நீங்களே நினைவகம் ஒதுக்கி, நிரப்பி முடித்த பிறகு ஃப்ரம்வைட்கேரிடம் கொடுங்கள். பையூனிகோட்_நியூ என்று இன்னொரு வழியும் இருக்கிறது. அதற்கு சரத்தில் வரக்கூடிய மிகப் பெரிய எழுத்தின் எண்ணை முன்கூட்டியே சொல்ல வேண்டும். யாரோ எழுதிய உதாரணத்தைப் பார்த்து 127 என்று கொடுத்துவிட்டு உள்ளே தமிழை எழுதினால் நினைவகம் நாசமாகும். திஸ்கி மாற்றியில் தமிழ் எழுத்து வரும் சரத்துக்கு 65535 கொடுத்தால் போதும்.

செய்யக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் செய்தது என்பதால். அவசரத்தில் பையூனிகோட்_டேட்டா தரும் சுட்டியை எடுத்து நேராக பைட் வரிசையாகப் படித்துவிட்டேன். டெஸ்ட் எல்லாம் ஆங்கிலப் பெயர்கள், எல்லாம் பாஸ். ஆனால் உண்மையான முகவரிகளில் தமிழ் வந்ததும் பாதிப் பெயர் காணாமல் போய், மீதி குப்பையாக வந்தது. டம்ப் எடுத்துப் பார்த்தால் ஒன்று விட்டு ஒரு பைட் 11, 11, 11. தமிழ் எழுத்தின் இரண்டு பைட்டில் மேல் பைட் எப்போதும் 11 என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உங்கள் வெளியீட்டில் அந்த 11 தெரிந்தால் எங்கே தப்பு என்று தேட வேண்டியதே இல்லை.

இம்போர்ட் ஆனதும் கொண்டாட வேண்டாம், நான்காவது வாசல் ஒன்று இருக்கிறது. பில்டும் இம்போர்ட்டும் பிடிக்காத தப்புகள் ஃபங்ஷனை அழைக்கும்போதுதான் வெடிக்கும். ஆர்க்_பார்ஸ்டப்பிள் அழைப்புகளில் உள்ள வடிவச் சரத்தைப் பாருங்கள். யூ என்ற சிறிய எழுத்து இருந்தால் அந்த வடிவம் 3.12-ல் இல்லை. ஹாஷ் குறி இருந்தால், பைத்தான் ஹெடரைச் சேர்க்கும் வரிக்கு முன்னால் பிஒய்_எஸ்சைஸ்_டி_கிளீன் என்ற மேக்ரோவை வரையறுத்திருக்க வேண்டும், 3.10-ல் இருந்து 3.12 வரை அது இல்லாவிட்டால் சிஸ்டம்எரர். மேக்ரோவை மட்டும் சேர்த்துவிட்டு, நீளத்தை வாங்கும் மாறியை இன்ட் என்றே விட்டுவிட்டால் இன்னும் மோசம்: 8 பைட்டை 4 பைட் இடத்தில் எழுதும், எப்போதாவது ஒரு நாள் செயலிழக்கும், காரணமே தெரியாது. மாறியை பை_எஸ்சைஸ்_டி ஆக்குங்கள்.

3.8-க்குத் திரும்புவதைப் பற்றி: தற்காலிகமாக ஒரு கன்டெய்னரில் ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரில் நின்றுவிட்டன, 20.04-ன் வழக்கமான ஆதரவும் 2025 மே மாதத்தோடு முடிந்தது. அங்கேயே குடியிருக்க முடியாது. ஒரேயடியாக நான்கு படி தாண்டியதுதான் உங்களுக்கு வலித்தது. டிஸ்ட்யூட்டில்ஸ் பற்றி 3.10-ம் 3.11-ம் எச்சரித்துக்கொண்டே இருந்தன, இம்ப் பற்றிய எச்சரிக்கை 3.4 காலத்திலேயே தொடங்கியது. அந்த எச்சரிக்கைகளை பைத்தான் பெரும்பாலும் காட்டாமல் மறைத்துவிடும், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பல பைத்தான் பதிப்புகளை அருகருகே வைத்திருக்க உதவும் பைஎன்வ் வைத்து 3.9, 3.10, 3.11 மூன்றையும் நிறுவி, டெப்ரிகேஷன்வார்னிங்கை எரராக்கி, ஒவ்வொன்றிலும் டெஸ்ட்டை ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் நாலைந்து விஷயம்தான் வரும். சிஸ்டம் பைத்தானில் பிப் மறுக்கிறது என்று, அந்தத் தடையை மீறும் பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அதை இனிமேல் செய்யாதீர்கள். உபுண்டுவின் பல கருவிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. வர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்று போதும். பைப்ராஜெக்ட் கோப்பு இல்லை என்றால் ஒன்றை எழுதி, பில்டுக்குத் தேவை செட்டப்டூல்ஸும் சைத்தானும் என்று அதில் குறிப்பிடுங்கள். பிப் பில்டுக்கென்று தனியாக ஒரு தற்காலிகச் சூழலை உருவாக்கும். நீங்கள் வெளியே நிறுவியது அதன் கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகு என் சொந்தக் கருத்து ஒன்று. இது கோடைப் பார்க்காமல் சொல்வது, அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு சி தேவைதானா? திஸ்கி மாற்றம் என்பது 256 இடம் உள்ள ஓர் அட்டவணை, அதோடு கொம்பை இடம் மாற்றும் வேலை. திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னால் பார்க்கும் வரிசையில் இருக்கும், யூனிகோடில் பின்னால் வர வேண்டும். சுத்தமான பைத்தானில் நூறு வரிக்குள் அடங்கிவிடும். எழுதியவர் காலத்துக் கணினிக்கு சி தேவைப்பட்டிருக்கலாம். உங்கள் கோப்புகளில் ஒன்றை வைத்து நேரம் பாருங்கள். தாங்கக்கூடிய வேகம் என்றால், சி கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே நான் எழுதியதில் பாதியை மறந்துவிடலாம்.

எந்த வழியில் போனாலும், 20.04 கணினியை இன்னும் அழிக்கவில்லை என்றால், இன்றைக்கே அதில் பழைய லைப்ரரியை ஓட்டி, இருநூறு முந்நூறு திஸ்கி கோப்புகளின் வெளியீட்டைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கொ, கோ, கௌ மூன்றும் நிறைய வரும் கோப்புகளாகப் பார்த்து எடுங்கள். அதை அழித்துவிட்டிருந்தாலும் ஒரு வழி இருக்கிறது: லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு திஸ்கி தெரியும், அதே கோப்புகளை அதன் வழியே மாற்றி உங்கள் புதிய வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபடும் இடங்களையும், அந்த ஃப்ளாக் சேர்த்த பிறகு வரும் ஃபங்ஷன் பெயர்களையும் இங்கே போடுங்கள், அடுத்ததை அப்புறம் பார்க்கலாம்.